பதினேழாம் குழியின் மீதி மாதங்கள்

மழை கொட்டிக்கொண்டிருந்த மதியம். தேவாலயப் பங்கு அலுவலகத்துக்குள் நுழைந்த குமாஸ்தா கையதான் குடையை மடக்குவதற்குள் மெனேசிஸ் வீட்டு ஆள் வந்துவிட்டான். பெரியவர் போய்விட்டார். மறுநாள் காலை அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் குழி காலியில்லை.

அந்தக் கோவாக் கிராமத்தில் செத்தவருக்கு மூன்று வருடம்தான் மண். அப்புறம் தோண்டி, எலும்பைக் கல்லறைத் தோட்டத்துப் பொது எலும்புக் கிணற்றில் போட்டுவிட்டு அடுத்தவரை இறக்குவார்கள். புதைத்த தேதிக்கும் இன்றைய தேதிக்கும் உள்ள இடைவெளியை அலுவலகக் கணினியின் எக்செல் பட்டியல் கணக்குப் போட்டுவிடும். மூன்று வருடம் முடிந்தவரின் பெயர் உள்ள வரி சிவக்கும். அது சொன்னால் மேல்முறையீடு கிடையாது.

அன்று ஒரு வரிகூடச் சிவக்கவில்லை.

பெரிய வீட்டுக்காரர்களிடம் இல்லையென்று சொல்லிக் கையதானுக்குப் பழக்கமில்லை. பதினேழாம் குழியில் லூர்தின், மீன்காரியின் மகள். இரண்டு வருடம் நான்கு மாதம். கேட்க நாதியில்லாதவள். புதைத்த வருடத்தில் ஒன்றைக் குறைத்தான், வரி சிவந்தது.

சாயங்காலம் குழிவெட்டி பாஷ்கால் வந்து நின்றான். ஊர் ஏழைகளுக்குக் குமாஸ்தா 'பாப்', அதாவது ஐயா.

"பாப், பொண்ணு இன்னும் கரையல. முகம் அப்படியே இருக்கு. மூடிடட்டுமா?"

"கம்ப்யூட்டரைவிட உனக்குத் தெரியுமோ? தூக்கிக் கிணத்துல போடுடா."

"முழுசாவா? கிணத்து வாய் சின்னது, பாப்."

"மண்வெட்டி எதுக்கு வெச்சிருக்க?"

மறுநாள் மெனேசிஸ் கிழவர் மாலை மரியாதையோடு பதினேழில் இறங்கினார். லூர்தினின் வரியைக் கையதான் அழித்துவிட்டு, இரவு சாப்பிட்டுப் படுக்க வீட்டுக்குப் போனான்.

படுக்கையறையில் ஈர மண் வாடை. மனைவி இனாசின் சுவரோரமாக ஒடுங்கிக் கிடந்தாள்.

"ஏன்டி இப்படி ஓரத்துல கிடக்கற?"

"நீங்கதானே தள்றீங்க. கையை எடுங்க, சில்லுன்னு இருக்கு."

அவன் இன்னும் அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

அலுவலகத்துக்கு ஓடிவந்து கணினியைத் திறந்தான். அழித்த வரி திரும்ப வந்திருந்தது. தேதி, அவன் மாற்றுவதற்கு முன்பிருந்த சரியான தேதி. குழி எண் இருந்த கட்டத்தில் அவன் வீட்டு எண். மீதி, எட்டு மாதம்.

அழித்தான். வந்தது.

மறுபடி அழித்தான். மறுபடி வந்தது.

தெரிந்த வித்தையையே காட்டினான். வருடத்தில் ஒன்றைக் குறைத்தான். வரி சிவந்தது. இனி லூர்தின் அவன் வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான்.

பாஷ்கால் நனைந்தபடி ஓடிவந்தான். "பாப்! எலும்புக் கிணத்துக்குள்ளேர்ந்து இனாசின் அம்மா குரல் கேக்குது. உங்களைத்தான் கூப்பிடறாங்க!"

"உளறாதே. அவ வீட்டுல தூங்கறா."

சொல்லிவிட்டானே தவிர, கால் வீட்டுக்குத்தான் ஓடியது. கட்டிலில் அவள் இருந்தாள், சுவரைப் பார்த்தபடி, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இனாசின்..."

அவள் திரும்பவில்லை. அவனுக்கு இடம் விட்டு மெல்ல நகர்ந்தாள்.

"எனக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு, பாப். படுத்துக்குங்க."