குண்டனின் வாய்

ஃபினாயில் ஊற்றித் தரையைத் தேய்த்தாயிற்று, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தாயிற்று, மழைக்காற்றும் வீடு முழுக்கச் சுற்றிவிட்டுப் போயாயிற்று. அப்படியும் சோபாவுக்கு அடியிலிருந்து, கெட்டுப்போன கறியும் துருப்பிடித்த இரும்பும் கலந்த மாதிரி ஒரு வாடை வந்துகொண்டே இருந்தது. தங்கைக்காரிக்கு அது நன்றாகவே தெரியும். குண்டனின் வாய் நாற்றம். ஆனால் குண்டன் செத்து ஒரு வாரம் ஆகிறது.

குண்டன் அக்காவின் நாய். வேலை விஷயமாக வெளியூர் போகும்போது அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒரு வேளை சாப்பாடு தப்பினாலும் பரவால்லடி. பல்லு மட்டும் தினமும் தேய்ச்சு விட்டுடு. அவன் ஈறு ரொம்ப மோசம்."

இவளும் பெரிதாகத் தலையாட்டினாள். கொஞ்ச நாள் தேய்த்தாள். அப்புறம் சோம்பல். உதட்டைத் தூக்கி, அந்த எச்சிலுக்குள் விரலை விட்டு, யாரால் முடியும்? பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பிதுக்கிப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்புவாள்; குழாயில் கழுவி வைத்துவிடுவாள். தட்டில் தீனி அப்படியே கிடந்தால், "துரைக்கு இதெல்லாம் இறங்காதோ?" என்று நக்கல் வேறு. வலியில் கடிக்க முடியவில்லை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

தாடை வீங்கிய பிறகுதான் டாக்டரிடம் ஓடினாள். அவர் வாயைத் திறந்து பார்த்தார்.

"பல்லு தேய்ச்சு விடுவீங்களா?"

"தினமும், டாக்டர்."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கூனிக் குறுகிப்போனாள். சீழ் ரத்தத்தில் கலந்திருந்தது. குண்டன் டாக்டரின் மேசையிலேயே போய்விட்டான்.

"வயசாயிடுச்சுல்லக்கா, தூக்கத்துலேயே போயிட்டான்" என்று போனில் சொன்னாள். "நீ என்னடி பண்ணுவ, நல்லாத்தான் பாத்துக்கிட்ட" என்று அக்கா அழுதாள். இவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

இருட்டும் நேரத்தில் அக்கா வந்து சேர்ந்தாள். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு சோபாவில் சாய்ந்தாள். இனியும் மறைக்க முடியாது, கேவலமாக இருக்கிறது, சொல்லிவிடலாம் என்று தங்கை வாயெடுத்தாள்.

"அக்கா, நான் உன்கிட்ட ஒரு பொய்..."

தட். தட்.

சோபாவுக்கு அடியில். தரையில் வால் அடிக்கும் சத்தம்.

"என்ன பொய்?" என்றாள் அக்கா. அவளுக்குக் கேட்கவில்லை போலும். அவள் கை தன் பாட்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"கையை மேல எடுக்கா."

"ஏண்டி?"

வாடை குப்பென்று ஏறியது. ஈரமான மூச்சு. அப்புறம் நக்கும் சத்தம், நிதானமாக.

அக்காவின் முகம் வெளுத்தது. மெதுவாகக் கையைத் தூக்கினாள். உள்ளங்கையில் ஒரு பல். பழுப்பு நிறம். வேரில் சதை.

தரையில் இன்னொன்று விழுந்தது. இன்னொன்று.

சோபாவுக்கு அடியிலிருந்து முகம் வெளியே வந்தது. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. அது அக்காவைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தது. கோபமே இல்லை அதற்கு. அவள் காலடிக்கு ஊர்ந்து வந்து, வாயை அகலத் திறந்து காத்திருந்தது, வாலை ஆட்டிக்கொண்டே.