உருமாறுகிறவர்களுக்கான அறை

சங்ககிரி மலைக்குக் கீழே அந்தப் பழைய வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது ஒரு திங்கட்கிழமை காலை. சாமான்களை இறக்கிவிட்டு லாரி போனதும், வீட்டுக்காரர் செங்கோட்டையன் சாவியைக் கொடுத்துவிட்டுச் சமையலறைச் சுவரைக் காட்டினார்.

"இதுக்குப் பின்னால ஒரு ரூம் இருக்குதுங்க. கதவ எடுத்துட்டுச் செங்கல் வெச்சு அடைச்சிட்டோம். இந்தச் செவுத்துல ஆணி கீணி அடிச்சுப் போடாதீங்க."

"ஏனுங்க, உள்ள என்ன இருக்குது?"

"ஒண்ணும் இல்லீங்க."

இன்னொருத்தியாக இருந்தால் பயந்திருப்பாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒன்றுமில்லாத அறையை யாராவது மெனக்கெட்டு அடைப்பார்களா?

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் வாளும் மந்திரமுமாக ஆடும் விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றை உருவாக்கியவர்கள் வைக்காத விஷயங்களை என்னைப் போன்றவர்கள் எழுதிச் சேர்ப்போம். அதற்கு மோட் என்று பெயர். என் மோடில் வீரன் சிறுத்தையாக மாறுவான். அந்த வீரனுக்கு என் கணவர் பாலசுந்தரத்தின் முகத்தைத்தான் வைத்திருந்தேன். லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிற மனுஷனை வெயிலில் நிறுத்திச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தேன். "இந்த மூஞ்சிக்கு வாள் ஒரு கேடா?" என்று அவரே சிரித்தார். குரலும் அவருடையதுதான். வீரன் பேசும் சில வசனங்களை எழுதிக் கொடுத்துப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தேன்.

உருமாற்றம் என்பது ஆடுகிறவர்களுக்கு மாயம், எழுதுகிறவளுக்குச் சின்னத் தில்லுமுல்லு. மனிதனை யாரும் சிறுத்தையாக்குவதில்லை. அவனைத் தூக்கி, யார் கண்ணுக்கும் படாத, கதவே இல்லாத ஓர் அறையில் நிறுத்துவோம். அவன் நின்ற இடத்தில் சிறுத்தையை வைப்போம். நேரம் முடிந்ததும் சிறுத்தை அறைக்குள் போகும், மனிதன் வெளியே வருவான். அந்த அறைக்கு மாதிரி தேடி நான் எங்கே அலைவது? குடிவந்த அன்றே சமையலறைச் சுவரைப் போட்டோ எடுத்து நாலு பக்கமும் ஒட்டிவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு மதியம் பாலு முகத்தை வைத்து ஓட்டிப் பார்த்தேன். வீரன் சிறுத்தையானான். திரும்ப மனிதனாக வந்து நின்றான். சபாஷ் சத்யபிரியா என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று விளையாட்டில் இருக்கும் அந்த அறைக்குள்ளும் எட்டிப் பார்த்தேன்.

அங்கேயும் ஒரு பாலு நின்றிருந்தான். சுவரைப் பார்த்தபடி.

எழுதியதைத் திரும்பப் படித்தபோது தவறு புரிந்தது. மனிதனைத் திருப்பி அழைக்கும் வரியை நான் எழுதவே இல்லை. வெளியே நிற்பது சிறுத்தைதான். மனிதனின் தோற்றத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. பாலு சாப்பிட வந்துவிட்டார். வேலையை அப்படியே போட்டுவிட்டுச் சோறு போட எழுந்தேன்.

அவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். சோற்றைத் தொடவில்லை. குனிந்து அதை முகர்ந்தார். நனைந்த மயிர் வெயிலில் காய்கிற மாதிரி ஒரு வாடை சமையலறை முழுக்கப் பரவியது.

"ஏன் மாமா, கொழம்பு புடிக்கலையா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீ முன்னால போ."

அது நான் எழுதிக் கொடுத்த வசனம்.

"வெளையாடாதீங்க மாமா."

"பாதை இருட்டா இருக்கு. நீ முன்னால போ."

அதுவும் நான் எழுதியதுதான். பதிவு செய்தபோது எந்த இடத்தில் மூச்சு வாங்கினாரோ, அதே இடத்தில் வாங்கினார். கண்ணை மட்டும் இமைக்கவே இல்லை.

அப்போது சமையலறைச் சுவருக்குப் பின்னால் ஒரு சத்தம். யாரோ உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே வருகிறார்கள்.

தடவல் நின்றது.

"சத்யா... கண்ணு... கதவு எங்க இருக்குது? ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

பாலுவின் குரல்தான், ஆனால் நான் எழுதிய வசனமில்லை. கரண்ட் போனாலே என் கையைப் பிடித்துக்கொள்கிற மனுஷன் அவர். அந்த இருட்டில் எப்படி நிற்பார்? எனக்கு அவர் வேண்டும். வேறெதையும் நான் யோசிக்கவில்லை.

லேப்டாப்பிடம் ஓடினேன். பின்னால் நாற்காலி நகர்ந்தது. விடுபட்ட வரியை அடிக்க ஆரம்பித்தேன். அவசரத்தில் தப்பாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன்.

சூடான மூச்சு என் கழுத்தில் பட்டது.

பட்டனைத் தட்டினேன்.

மூச்சு நின்றது.

திரும்பிப் பார்த்தேன். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு பாலு தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். தண்ணீர் கேட்டார். சொம்போடு குடித்தார். கண்ணை இமைத்தார். என் பாலுதான். கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க மாமா. நான் இருக்கறனல்ல."

அவர் என் கையை மெதுவாக விலக்கினார். என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள நான் தனியா இல்ல," என்றார்.

"அது சிறுத்தை. அத இப்பத்தான் உள்ள அனுப்பிச்சேன்."

"அதுக்கு முன்னாலயே ஒருத்தி இருந்தா. இருட்டுல என்ற கையப் புடிச்சுக்கிட்டா. ஒரே அழுகை. நாம குடிவந்த அன்னைக்கே உள்ள மாட்டிக்கிட்டாளாம்."

"யாரு மாமா?"

"என்ற பொண்டாட்டி."

குடிவந்த அன்று சாயங்காலம் பாலு வீட்டில் இல்லை. அவர் போட்டோ எதையும் அதுவரை எடுத்திருக்கவில்லை. சும்மா ஓட்டிப் பார்க்கலாமென்று என் முகத்தை வைத்துத்தான் முதலில் சோதித்தேன். திருப்பி அழைக்கும் வரி அன்றைக்கும் இல்லை.

என் கைகளைப் பார்த்தேன். கைகளாகத்தான் இருந்தன.

பாலு கொல்லைப்புறம் போய்க் கடப்பாரையோடு வந்தார். என்னைச் சுற்றிக்கொண்டு, என் மேல் படாமல் நடந்தார். சுவரில் முதல் அடி விழுந்தது.

உள்ளேயிருந்து என் குரல் கேட்டது.

"பாத்து மாமா. கையில கிய்யில பட்டுரப் போவுது."

நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன்.

ஒரு செங்கல் பெயர்ந்து விழுந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு கை வெளியே நீண்டது. பாலு கடப்பாரையைப் போட்டுவிட்டு அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு விம்மினார். இத்தனை நாளும் அவருக்குச் சோறு போட்டவள் நான். அவர் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

நான் சத்தம் போடாமல் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, அறையில் இருப்பவரை அழித்துவிடும் வரியில் அவளுடைய பெயரை அடிக்க ஆரம்பித்தேன்.