கார்ப்பெட்டில் ஒட்டிய கமர்கட்டு

புதுவாயல் கூட்டு ரோட்டுக்குப் பின்னால் ஒரே வரிசையில் ஆறு வீடுகள். ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு துணிக்கொடி, ஒரு பூனை. அப்புறம் ஒரு சிவப்புக் கார்ப்பெட்.

கார்ப்பெட்டை வீட்டுச் சொந்தக்காரர் சுப்பராயன் எப்போதோ வாங்கிக் கொடுத்திருந்தார். யார் வீட்டில் விசேஷமோ அவர்கள் வாங்கி விரித்துக்கொள்வார்கள். விசேஷம் முடிந்ததும் சுருட்டித் தங்கள் வீட்டுக் கதவு மூலையிலேயே நிறுத்தி வைப்பார்கள். அடுத்த வீட்டார் கேட்டு வரும்போது சுத்தமாகக் கொடுக்க வேண்டும். போன வருடம் ஒரு வீட்டில் எண்ணெய்க் கறையோடு கொடுத்துவிட்டார்கள். குழாயடியில் அந்தப் பேச்சு தீபாவளி வரைக்கும் ஓடியது.

பூனையின் பெயர் சூப்பர்வைசர். சாப்பாட்டு நேரத்தில் ஆறு வீட்டு வாசலிலும் நின்று உள்ளே எட்டிப் பார்க்கும். மற்றபடி ஒரு வேலையும் செய்யாது. அந்த வரிசையில் எல்லாரும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், யோசிக்காமலே இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஸ்நேகாவின் வீடு கடைசி வீடு. அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவர்கள் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தம்பி பென்னியின் பிறந்தநாளுக்குத்தான் கார்ப்பெட் முதல் தடவையாக அவர்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா சாராளுக்கு அதில் ஒரே பெருமை. அன்றைக்கு வந்தவர்களை எல்லாம், “கீழ உக்காருங்க, கீழ உக்காருங்க” என்று உபசரித்தாள். வீட்டில் நாற்காலி இருந்தும்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஓவர்டைம். கிளம்பும்போது ஸ்நேகாவிடம் சொன்னாள்.

“பக்கத்து ஊட்டு ஈஸ்வரி அக்காவ இன்னிக்குப் பொண்ணு பாக்க வராங்க. மூணு மணிக்கு கார்ப்பெட் கேட்டு வருவாங்க. நல்லாத் தொடச்சிக் குடு. அப்பா நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கறாரு. சத்தம் போடாதீங்க.”

கடைசியில் சொன்னதைச் சொல்லவே தேவையில்லை. நைட் ஷிப்ட் முடித்து ஒருவர் தூங்கினால் அந்த வரிசையில் ஆறு வீடும் அடங்கிவிடும். குக்கர் விசில்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் அடிக்கும்.

அம்மா போனதும் ஸ்நேகா கார்ப்பெட்டைப் படுக்கப் போட்டு மெதுவாக உருட்டினாள். பாதி வரைக்கும் ஒழுங்காக விரிந்தது. அப்புறம் ‘பர்ர்ர்’ என்று ஒரு சத்தம்.

உள்ளே அப்பா யேசுதாஸ் புரண்டு படுத்தார். ஸ்நேகா மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

சிவப்புக் கார்ப்பெட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஏதோ உருகி ஒட்டியிருந்தது. சுற்றிலும் எறும்பு.

பென்னி ஓடி வந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

“அய்! என் கமர்கட்டு!”

“உன்னுதா? இங்க எப்பிடிடா வந்துச்சு?”

“பர்த்டே அன்னிக்குப் பாதி தின்னேன். கேக் வெட்டக் கூப்ட்டாங்க. இங்க வச்சிட்டுப் போனேன். அப்புறம் எவ்ளோ தேடினேன் தெரியுமா?”

தேடினவன் கண்ணில் படும் முன்பே அப்பா கார்ப்பெட்டைச் சுருட்டிவிட்டிருந்தார். ஒரு வாரம் அடித்த வெயிலில் கமர்கட்டு உள்ளேயே உருகிவிட்டது.

ஸ்நேகா கடிகாரத்தைப் பார்த்தாள். காலையில் குழாயடியில் ஈஸ்வரியின் அம்மா சின்னப்பொண்ணு பேசியது அவள் காதில் இன்னும் இருந்தது.

“பையன் தங்கமான பையன். தேர்வாய் கண்டிகையில வேல. ஈஸ்வரியும் அவனும் ஒரே கம்பெனி பஸ்ஸுலதான் போறாங்க, ரெண்டு பேருக்கும் புடிச்சிருக்கு. ஆனா அவங்க அம்மாவ நெனச்சாதான் பேஜாரா இருக்குது. ஒரு ஊட்டுல டம்ளர்ல கறை இருந்துச்சின்னு காபிகூட குடிக்காம எழுந்து வந்துட்டாங்களாம்!”

டம்ளர் கறைக்கே அப்படி. இது கார்ப்பெட்டின் நடுவில், எறும்போடு. ஈஸ்வரி அக்காவின் கல்யாணம் ஒரு கமர்கட்டால் நின்றுபோனால் எந்த முகத்தோடு குழாயடிக்குப் போவது?

“அக்கா, அது மேல நான் உக்காந்துக்கறேன்” என்றான் பென்னி. “அவங்க போற வரைக்கும் எழுந்துக்கவே மாட்டேன்.”

“நீ ஒரு நிமிஷம் ஒரு எடத்துல உக்காந்திருக்கியா இன்னிக்கு வரைக்கும்?”

பென்னி யோசித்துப் பார்த்தான். இல்லைதான்.

அந்த வரிசையில் எதைத் துடைக்க வேண்டும் என்றாலும் ‘வேஸ்ட்’தான். கம்பெனியில் மிஷின் துடைப்பதற்கு வைத்திருக்கும் நூல் பொதி அது. பைக் செயின், ஜன்னல், அடுப்பு, எல்லாவற்றுக்கும் அதுவே. ஸ்நேகாவும் ஒரு கை வேஸ்ட்டை நனைத்து அழுத்தித் தேய்த்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. நூல் ஒவ்வொன்றும் கமர்கட்டில் போய் ஒட்டிக்கொண்டது. தேய்க்கத் தேய்க்கக் கறையும் அகலமானது. கொஞ்ச நேரத்தில் கார்ப்பெட்டுக்கு வெள்ளைத் தாடி முளைத்துவிட்டது.

பென்னி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஸ்நேகாவுக்கு அழுகை முட்டியது. அவள் அழவில்லை, நூலை ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் பென்னியும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பிய்த்தான்.

“எல்லாம் அந்தக் கமர்கட்டால வந்தது” என்றான் அவன். “இது மட்டும் இப்பிடி ஒட்டுது. ஃப்ரிட்ஜில வச்ச இன்னொண்ணு கல்லு மாதிரி ஆயிடுச்சு. கடிக்கவே முடியல. அம்மிக் குழவியால தட்டினேன், தூள் தூளா போயிடுச்சு.”

ஸ்நேகாவின் கை நின்றது.

“இன்னா சொன்ன?”

“நான் இனிமே குழவிய எடுக்க மாட்டேன்.”

“அது இல்லடா! ஃப்ரிட்ஜில வச்சா கல்லு மாதிரி ஆச்சா? அப்போ ஒட்டலியா?”

“ஒட்டல.”

கார்ப்பெட்டை ஃப்ரிட்ஜுக்குள் வைக்க முடியாது. ஆனால் ஃப்ரிட்ஜைக் கார்ப்பெட்டுக்குக் கொண்டு வரலாமே! ஸ்நேகா ஐஸ் தட்டை இழுத்தாள். அது காலி. யார் தின்றது என்று அவள் கேட்கவில்லை. பென்னி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவைப் பூப்போலச் சாத்திவிட்டு இரண்டு பேரும் கூட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அங்கே மீன்காரர் ஆசீர்வாதம் தெர்மாகோல் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

“மாமா, கொஞ்சம் ஐஸ் தரீங்களா?”

“மீனு?”

“மீனு வேணாம் மாமா. ஐஸ் மட்டும்.”

ஆசீர்வாதம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இத்தினி வருஷத்துல மீனு வேணாம், ஐஸு போதும்னு வந்த மொத ஆளு நீதாம்மா. எடுத்துக்கோ.”

ஸ்நேகா வீட்டுக்கு வந்து ஐஸை முகர்ந்து பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். இதை நேராகக் கார்ப்பெட்டில் வைத்தால் கறை போய் மீன் வந்துவிடும். ஐஸை ஒரு கவரில் கட்டி, அதை இன்னொரு கவரில் போட்டுக் கட்டினாள். கமர்கட்டின் மேல் வைத்து, “இப்போ இது மேல உக்காரு” என்றாள்.

பென்னி உட்கார்ந்தான். “ஐயோ, ஜில்லுன்னு இருக்குது!”

“ஷ்ஷ்! அப்பா!”

அவன் நெளிந்தான், முனகினான், ஆனால் எழுந்திருக்கவில்லை. அவன் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

கவரை எடுத்துவிட்டு ஸ்நேகா நகத்தால் தட்டினாள். ‘டக்’ என்றது. ஸ்பூனின் முனையை மெதுவாக அடியில் கொடுத்து நெம்பினாள். கமர்கட்டு சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. ஒட்டிக்கொண்டிருந்த நூலும் அதோடு வந்துவிட்டது.

“நான் ஒண்ணு எடுத்துக்கவா?”

“பென்னி!”

மிச்சமிருந்தது பழுப்பு நிறத்தில் ஒரு கறை. வெல்லம்தானே, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைந்துவிடும். ஆனால் தேய்த்தால் பரவும், அதை ஒரு தடவை பார்த்தாயிற்று. ஸ்நேகா பாக்கெட் ஷாம்பூவைத் தண்ணீரில் கொஞ்சம் கலந்து, பழைய வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுத்தாள். துணி பழுப்பானது, கார்ப்பெட் சிவப்பானது. பிறகு நல்ல தண்ணீரில் ஒற்றி, உலர்ந்த துணியால் அழுத்தினாள்.

கறை போய்விட்டது. ஆனால் கவரின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்ததை அப்போதுதான் பார்த்தாள். குனிந்து முகர்ந்தாள். ஷாம்பூவின் மல்லிகை வாசனை வந்தது. ரொம்ப உற்று முகர்ந்தால் அதற்கு அடியில் வேறு ஒன்றும் வந்தது. இன்னொரு தடவை ஷாம்பூ போட்டு ஒற்றிவிட்டு, மதில்மேல் வெயிலில் விரித்தாள்.

மூன்று மணிக்கு ஈஸ்வரியே வந்துவிட்டாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, முகமெல்லாம் பயம்.

ஸ்நேகா கார்ப்பெட்டை நீட்டினாள். அப்புறம் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, இதுல பென்னியோட கமர்கட்டு ஒட்டிக்கினு இருந்துச்சு. மீன்காரர் மாமா ஐஸ வச்சி எடுத்துட்டேன். ஆனா நடுவுல இன்னும் கொஞ்சம் ஈரமா இருக்குது. அவங்க அதுல உக்காந்துட்டா...”

ஈஸ்வரி விரித்துத் தடவிப் பார்த்தாள். கறை எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஈரம் மட்டும் கைக்குத் தெரிந்தது.

“அவ்ளோதானே? அந்த எடத்துல நானே உக்காந்துக்கறேன்” என்றாள். “எப்பிடியும் எனக்கு இன்னிக்கு வேர்த்துக் கொட்டுது. ஈரம் யாருக்குத் தெரியப்போவுது?”

மாப்பிள்ளை வீட்டார் சோழவரத்திலிருந்து வந்து இறங்கினார்கள். ஸ்நேகாவும் பென்னியும் ஈஸ்வரி வீட்டு வாசலில் ஒண்டிக்கொண்டு பார்த்தார்கள். மாப்பிள்ளை அன்புராஜ் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். அவன் அம்மா உட்காரவில்லை. முதலில் கார்ப்பெட்டைக் கையால் தடவி, விரலைப் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார். காபி வந்ததும் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்னப்பொண்ணு மூச்சே விடவில்லை.

ஈஸ்வரி வந்து வணங்கிவிட்டு, சொன்னபடி நடுவில் போய் உட்கார்ந்தாள்.

அன்புராஜின் அம்மா மூச்சை இழுத்து முகர்ந்தார். “இன்னா வாசன வருது?”

ஸ்நேகா பென்னியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மல்லிப்பூ” என்று அவரே சொல்லிக்கொண்டார். ஆனாலும் முகம் இளகவில்லை.

அப்போது சூப்பர்வைசர் வந்தது. எப்போதும் வாசலோடு நின்றுவிடும் பூனை, பென்னியின் காலைத் தாண்டி நேராக உள்ளே போனது. யாரையும் பார்க்கவில்லை. ஈஸ்வரியை ஒரு சுற்றுச் சுற்றியது. புடவை மடிப்பில் முகத்தைத் தேய்த்தது. அவளோடு ஒட்டி, அந்த இடத்திலேயே சுருண்டு படுத்துக் கண்ணை மூடியது.

சின்னப்பொண்ணு பதறிப்போனாள். “ஐயோ, இது எல்லா ஊட்டுக்கும் பொதுவான பூனைங்க. இதோ தொரத்திடறேன்!”

“இருக்கட்டும், இருக்கட்டும். தொரத்தாதீங்க” என்றார் அன்புராஜின் அம்மா. அவர் முகம் முதல் தடவையாக இளகியது. “எங்க ஊட்டுல நாலு பூன இருக்குது. லேசுல யாராண்டயும் போவாது. இது பாருங்க, இத்தினி பேர் இருக்கறப்போ உங்க பொண்ணாண்ட போய்ப் படுத்துக்கினு இருக்குது. மனுஷங்க கொணம் பூனைக்குத்தான் தெரியும்.”

ஈஸ்வரி வாசல் பக்கம் பார்த்தாள். ஸ்நேகாவும் அவளைப் பார்த்தாள். இரண்டு பேருமே உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அன்புராஜ் மட்டும் எதுவும் புரியாமல் சிரித்தான்.

“எனக்குப் பொண்ண ரொம்பப் புடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு, அவன் அம்மா காபியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்தபோது குழாயடியில் சின்னப்பொண்ணு பிடித்துக்கொண்டாள். “சாராளு, கார்ப்பெட்ட இன்னா சுத்தமா வச்சிருந்தீங்க! மல்லிப்பூ வாசன தூக்குச்சு!” அம்மா ஒன்றும் புரியாமல், ஆனால் ரொம்பப் பெருமையோடு தலையாட்டினாள். அப்பா எழுந்து சோம்பல் முறித்தார். “இன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்” என்றார்.

ஈஸ்வரி இரண்டு லட்டு கொண்டு வந்தாள். ஒன்றை ஸ்நேகாவிடம் கொடுத்தாள். இன்னொன்றைப் பென்னி கேட்காமலே வாங்கிக்கொண்டு தெருவுக்குப் போய் நின்று தின்றான்.

சிவப்புக் கார்ப்பெட் வழக்கப்படி ஈஸ்வரி வீட்டுக் கதவு மூலைக்குப் போய்விட்டது. அதன் பக்கத்தில் சூப்பர்வைசர் அசையாமல் உட்கார்ந்து காவல் காத்தது. அன்றைக்குத்தான் அதற்கும் ஒரு வேலை கிடைத்திருந்தது.