கூட்டுத்தொகை எட்டு

வண்டி வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் மாதேஷ் அதைக் கவனித்தான். ஓட்டுகிறவருக்கு இடப்பக்கம் இருக்கும் முன்னிருக்கை சாய்ந்திருந்தது. முந்தின மாலை வண்டியைத் துடைத்தபோது அவனேதான் அதை நிமிர்த்தியிருந்தான். உள்ளே பல்லோடு பல் கவ்வும் 'டக்' சத்தத்தைக் காதால் கேட்டபிறகே கதவைச் சாத்தினான். சாவி இரவு முழுக்க அவன் தலைமாட்டில் இருந்தது. கதவுகள் பூட்டியபடியே இருந்தன. இருக்கை மட்டும், யாரோ விடியவிடியப் படுத்திருந்து அப்போதுதான் எழுந்து போனதுபோலப் பின்னால் சாய்ந்து கிடந்தது. இடப்பக்கக் கண்ணாடியில் மட்டும் உட்புறமாக ஆவி படிந்திருந்தது.

பழைய வண்டி, பல் தேய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். இருக்கையோர நெம்புகோலை இழுத்து நிமிர்த்தினான். டக். கம்பைநல்லூருக்கு வேலைக்குக் கிளம்பினான்.

அது அவனுக்குத் தெரிந்த சாய்வு. அதை மட்டும் அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

வண்டி தேடத் தொடங்கியதே சுசித்ராவுக்காகத்தான். அவன் மனைவிக்கு முதுகில் டிஸ்க் விலகி, வலி இடுப்பிலிருந்து குதிகால்வரை இழுக்கும். சாயங்காலம் வலி கூடினால் குப்புறப் படுத்துக்கொண்டு மகளைக் கூப்பிடுவாள். யுவராணி பக்கத்தில் மண்டியிட்டு இரண்டு கட்டைவிரலாலும் இடுப்பை அழுத்துவாள். "இன்னுங் கொஞ்சம் கீழ, கண்ணு" என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வரும். மாதேஷ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போனில் பழைய கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நல்ல வண்டியாகத்தான் வாங்கிக்கொடுக்க நினைத்தான். தினமும் வேலைக்குப் போய்வரும் ஓட்டத்துக்கு டீசல் தேவையில்லை, அதன் அதிர்வு அவளுக்கு ஆகாது, ஆகவே பெட்ரோல். சின்ன வண்டி குழிக்குக் குழி தூக்கிப்போடும், உயரமான வண்டியில் ஏற அவளுக்குக் கால் எழும்பாது. ஆகவே நீளமான செடான். இவ்வளவு தெளிவாக முடிவெடுத்தவன், வண்டியைக் கண்ணால் பார்த்ததும் எதையாவது குறை கண்டு திரும்பிவிடுவான். ஒன்றில் இருக்கை கட்டைபோல் கடினம். ஒன்றில் டயர் சத்தம். ஒன்றில் முந்தின சொந்தக்காரர் முகம் சரியில்லை. அவள் ஒவ்வொரு முறையும் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அவனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பைபாஸ் ஓரத்தில் பழைய கார் விற்கும் காளியப்பனிடம் போனார்கள். சாம்பல் நிறச் செடான் ஒன்று வேப்பமரத்தடியில் நின்றது. சுசித்ரா முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். காளியப்பன் நெம்புகோலைக் காட்டினார். அவள் இருக்கையைப் பின்னால் தள்ளி, சாய்த்து, தலையை வைத்துக் கண்ணை மூடினாள். முகத்தில் எப்போதும் இருக்கும் சுருக்கம் ஒன்று போய்விட்டிருந்தது; அது இல்லாமல் அவளைப் பார்த்துப் பல நாளாகிவிட்டதென்று மாதேஷுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏங்க," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "வலியே தெரியலீங்க."

பின்னிருக்கையிலிருந்து யுவராணி எட்டிப் பார்த்து, வூட்டுக்கு வராம இங்கயே தூங்கிருவியாம்மா என்றாள். "ஆமாங் கண்ணு. நீ அப்பாகூடப் பைக்ல போயிரு" என்றாள் சுசித்ரா.

"நானும் உங்கூடவே இருந்துக்கறேன். அப்பா மட்டும் போவட்டும்."

காளியப்பன்கூடச் சிரித்தார். மாதேஷும் சிரித்துக்கொண்டே வண்டியின் முன்பக்கம் வந்தான். நம்பர் பலகையைப் பார்த்தான். நாலு, எட்டு, மூணு, ரெண்டு. கூட்டினால் பதினேழு. அதையும் கூட்டினால் எட்டு.

எட்டு சனியின் எண், குடும்பத்துக்கு ஆகாது என்று அவன் சொன்னபோது காளியப்பன் தலையைச் சொறிந்தார். "இஞ்சினுக்குக் கூட்டல் தெரியுங்களா சார்?" என்று கேட்டுப் பார்த்தார். மாதேஷ் அசையவில்லை. சுசித்ரா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். சுருக்கம் திரும்ப வந்து முகத்தில் உட்கார்ந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, இருக்கையை நிமிர்த்தாமலே இறங்கினாள்.

திரும்பும்போது பைக்கில் அவன் தோளைப் பிடித்தபடி, காதருகே சொன்னாள்: "எட்டுக்குப் பயந்துகிட்டு என் இடுப்ப வுட்டுட்டீங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அடுத்த மாதம் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், தொப்பூர் இறக்கத்தில், சாலைக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டிருந்த வேகத்தடைகளில் பைக் ஏறி இறங்கியது. டாக்டர் கிளம்பிவிடுவாரென்று அவன் அவசரப்பட்டான். "மெதுவாங்க" என்றாள். இரண்டாவது தடையில் மூச்சைப் பல்லிடுக்கில் இழுத்தாள். மூன்றாவதில் தோளில் இருந்த கை விலகியது. பின்னால் லாரி வந்தது.

அந்தப் பைக்கின் கூட்டுத்தொகை ஒன்பது. நல்ல எண்.

அன்றிலிருந்து யுவராணி சேலத்தில், சுசித்ராவின் அக்கா கலைமணி வீட்டில் இருந்தாள். அப்பாவோடு வீட்டுக்கு வா என்றால், பைக் இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். போனில் ஒரு நாள் அவளே கேட்டாள், கார் வாங்கினால் வருவேன், வாங்குவியா என்று. மகள் இல்லாத வீட்டில் ஒற்றை ஆளாகச் சமைத்துத் தின்றுகொண்டிருந்தவன் மறுநாளே காளியப்பனிடம் போய் நின்றான்.

சாம்பல் நிற வண்டி அதே வேப்பமரத்தடியில் இருந்தது. வருகிறவர்களெல்லாம் உட்கார்ந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, இறங்கி நம்பரைக் கூட்டிவிட்டுப் போய்விடுகிறார்களாம். "நீங்களும் அன்னிக்கு..." என்று ஆரம்பித்த காளியப்பன், அவன் தனியாக வந்திருப்பதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மாதேஷ் இடப்பக்கக் கதவைத் திறந்தான். அவள் விட்டுப்போன சாய்விலேயே இருக்கை இருந்தது. யாரும் இதைத் தொடவில்லையா என்று அவன் கேட்கவில்லை.

வண்டி சொகுசாகத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கம்பைநல்லூர் சாலையின் எந்தக் குழியும் உடம்புக்கு எட்டவில்லை. பள்ளத்தைக் கண் பார்க்கிறது, கை ஸ்டீயரிங்கை இறுக்குகிறது, வண்டி அதை வழுக்கிக்கொண்டு தாண்டிவிடுகிறது. இது அவளுக்கு வலித்திருக்காது என்று ஒவ்வொரு குழிக்கும் நினைத்தான். வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

ஒவ்வொரு காலையும் இருக்கை சாய்ந்திருந்தது. பிறகு வாசனை வந்தது. கற்பூரமும் புதினாவும் கலந்த வலித் தைலம். அவள் புடவை மடிப்பிலெல்லாம் இருந்த வாசனை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினான். காற்று வண்டி முழுக்கப் புகுந்து அடித்தது, காகிதங்கள் பறந்தன, வாசனை இடப்பக்கத்தை விட்டு அசையவில்லை. அவன் இருக்கையை நிமிர்த்துவதை நிறுத்திக்கொண்டான்.

காளியப்பனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. ஆனால் யுவராணி போனில் கேட்டாள்: "அம்மா தூங்குச்சே, அந்த வண்டியாப்பா?"

"ஆமாங் கண்ணு."

"அப்ப வரேன்."

அதோடு, சுசித்ராவிடம் அந்த வண்டியை இன்னொரு முறை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை மாலை, மகளைக் கூட்டிவரச் சேலத்துக்குத் தூறலில் கிளம்பினான். கார்த்திகை மாதம், ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. தொப்பூர் இறக்கம் தொடங்கும் இடத்தில் லாரிகள் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த கருகல் நாற்றம் கண்ணாடி மூடியிருந்தும் உள்ளே வந்தது. இருபக்கமும் மலை நெருங்கி, மேலே வானம் ஒரு சாம்பல் நாடாவாகச் சுருங்கியது. அப்போது மணி அடிக்கத் தொடங்கியது.

டிங். டிங். டிங்.

பெல்ட் போடாமல் இருந்தால் அடிக்கும் மணி. அவன் போட்டிருந்தான். முன்னால் சிவப்பாக எரிந்த சின்ன விளக்கு இடப்பக்க இருக்கையைக் காட்டியது. அதில் ஆள் உட்கார்ந்தால்தான் அது எரியும் என்று காளியப்பன் சொல்லியிருந்தார். பையைக்கூட அவன் பின்னால்தான் வைத்திருந்தான். திரும்பிப் பார்த்தான். சாய்ந்த இருக்கை. காலி. ஆனால் அடித்துணி நடுவில் அமுங்கியிருந்தது.

டிங். டிங். டிங்.

நிறுத்த இடமில்லை. பின்னால் லாரி. முன்னால் லாரி. மணி வேகமெடுத்தது. அது நின்றால் போதும் என்று இருந்தது. ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி, அந்தப் பெல்ட்டை இழுத்து, காலி இருக்கைக்குக் குறுக்கே கொண்டுவந்து மாட்டினான். மணி நின்றது.

கை திரும்பும்போது மணிக்கட்டின் பின்புறம் எதன்மீதோ உரசியது. வெதுவெதுப்பாக இருந்தது.

வேகத்தடைகள் வந்தன. முதல் தடை. வண்டி மெத்தென்று ஏறி இறங்கியது. இரண்டாவது. பக்கத்தில், பல்லிடுக்கில் மூச்சை இழுக்கும் சத்தம்.

ஸ்ஸ்.

அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்தது. பின்னாலிருந்து லாரி ஹாரனை அழுத்திப் பிடித்தது. அவன் கேட்கவில்லை. ஊர்ந்து ஊர்ந்து, ஒவ்வொரு சக்கரமாக மூன்றாவது தடையில் ஏற்றி இறக்கினான். அன்று போயிருக்க வேண்டிய வேகத்தில்.

"மெதுவாத்தான் போறேன், சுசி," என்றான்.

தைல வாசனை சற்று நெருங்கி வந்தது.

சேலத்தில் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாக அந்தப் பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை அமுக்கினான். விடவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினான். விடவில்லை. கலைமணி வாசலுக்கு வந்துவிட்டாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "நல்லாருக்குது தம்பி," என்றாள். பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமல், "அப்பவே வாங்கியிருக்கலாம்."

யுவராணியை மறுநாள் காலையில் கூட்டிப்போகிறேன் என்று அவன் சொல்லிப் பார்த்தான். பஸ்ஸில்கூடப் போகலாம் என்றான். அவள் அதற்குள் பையோடு வண்டியருகே நின்றாள். முன்னால் உட்கார் என்று பெரியம்மா சொன்னபோது, சாய்ந்திருந்த இருக்கையைக் கண்ணாடி வழியே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இல்ல பெரிம்மா. நான் பின்னாடியே உக்காந்துக்கறேன்."

இடப்பக்கம், அந்த இருக்கைக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

ஏற்றத்தில் லாரிகள் ஊர்ந்தன. மழை வலுத்தது. மாதேஷ் மகளிடம் எதை எதையோ கேட்டான். பள்ளிக்கூடம். சாப்பாடு. ம் என்றாள். பிறகு ம் என்பதும் நின்றது. கண்ணாடியில் பார்த்தான். முன்னிருக்கையின் முதுகில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள்.

டக்.

இருக்கை இன்னும் ஒரு பல் பின்னால் சாய்ந்தது. அவள் விலகவில்லை. முழங்காலை மடக்கி இடம் கொடுத்தாள்.

எதிர்ச்சாலையில் ஒரு பஸ் வந்தது. அதன் வெளிச்சம் வண்டிக்குள் புகுந்து ஓடியது. அவன் பக்கவாட்டில் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம். பெல்ட் இருக்கையோடு ஒட்டியிருக்கவில்லை. ஒரு சாண் மேலே, வளைந்து, எதையோ அணைத்தபடி நின்றது. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

அவன் சாலையை மட்டும் பார்த்தான். வீடுவரை சாலையை மட்டும்.

வாசலில் நிறுத்தினான். உள்ளே, கார் நிறுத்தும் கூரைக்கடியில் ஒரு ஓரமாக, துணி போர்த்திய பைக். வண்டியை அணைத்தான், சாவியை உருவினான், மழையில் இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்தான்.

"வூடு வந்துருச்சு கண்ணு. எறங்கு."

யுவராணி நிமிரவில்லை. "அம்மா தூங்குதுப்பா," என்றாள் மெதுவாக. "நீ போ."

அவன் கையைப் பிடித்து இழுக்கக் குனிந்தான். கதவு அவன் பிடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு சாத்திக்கொண்டது. நான்கு பூட்டுகளும் ஒன்றாக விழுந்தன. சாவி அவன் கையில்தான் இருந்தது. அமுக்கினான். விளக்குகள் கண் சிமிட்டின. பூட்டு திறக்கவில்லை. அமுக்கினான். கண்ணாடியில் அறைந்தான். மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

முன்கதவுக் கண்ணாடியில் உட்புறமாக ஆவி படியத் தொடங்கியது. பின்கதவுக் கண்ணாடியிலும். இரண்டும் ஒரே சீராக. படிந்தது, விலகியது. படிந்தது.

விலகிய இடைவெளியில் அவனுக்குத் தெரிந்தது. வளைந்து நின்ற பெல்ட். அதற்குப் பின்னால், இருக்கையின் முதுகில் ஊன்றிய இரண்டு சின்னக் கட்டைவிரல்கள். கண்ணை மூடியபடி, பக்குவமாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னுங் கீழயாம்மா?"

பெல்ட் ஏறியது. இறங்கியது. விரல்கள் கொஞ்சம் கீழே நகர்ந்தன.