கடல் பக்கம் யாரோ தமிழ் பேசுறாங்க

அந்தத் தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை.

குடிவந்த புதிதில் அட்டைப் பெட்டிகளைப் பிரிப்பதிலும், குழாயில் வெந்நீர் வரவைக்கும் வித்தையைக் கற்றுக்கொள்வதிலும் பொழுது போய்விட்டதால் அவள் அதைக் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "வாங்க, நம்ம ஏரியாவ ஒரு சுத்து பாத்துட்டு வரலாம்" என்று கணவனையும் மகளையும் கிளப்பிக்கொண்டு இறங்கியபோதுதான் தெரிந்தது. கடலை நோக்கிச் சரிந்து போகும் தெரு. இரண்டு பக்கமும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வீடுகள், உப்புக்காற்றில் செதில் செதிலாகப் பெயிண்ட் உரிந்த கதவுகள், எங்கே திரும்பினாலும் காயாத துணியின் வாடை. ரொட்டிக்கடையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நாலைந்து பேர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததும் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

"டீச்சரம்மா, கொஞ்சம் வால்யூமக் குறை. நம்மளையே பாக்குறாங்க" என்றான் கணவன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் வேலை கிடைத்தது அவனுக்குத்தான். அவள் ஊரில் ஒண்ணாம் வகுப்பு டீச்சர். ஒரு வகுப்பு முழுக்க வாண்டுகளைக் குரலாலேயே கட்டி மேய்த்தவள். மைக்கை முழுங்கிவிட்டுப் பிறந்தவள் என்று அவன் கிண்டல் செய்வான்.

"பாக்கட்டுமே. நான் என்ன திருடவா வந்தேன்?"

அவளுக்கு இருந்த கவலையெல்லாம் மகளைப் பற்றித்தான். ஆறு வயசு. ஓயாமல் பேசுவதால் வீட்டில் எல்லாருக்கும் அவள் பட்டாசு. இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்ததிலிருந்து அந்தப் பட்டாசு நமுத்துப்போய்விட்டது. வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். வீட்டில்கூடத் தண்ணீர் வேண்டுமென்றால் கிட்டே வந்து காதில் கிசுகிசுக்கிறாள். "ஏண்டி சத்தமா கேக்க மாட்டியா?" என்றால் தலையைக் குனிந்துகொள்கிறாள். பாஷை தெரியாத ஊரில் பிள்ளையின் குரலே போய்விடுமோ என்று அவளுக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் பிடிப்பதில்லை.

தெரு முடியும் இடத்தில் இடுப்பளவு கற்சுவர். சுவரை ஒட்டி நடைபாதை, மணலில் இறங்க இரும்புப் படி. வரிசையாக ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் நாயோடு வந்தார். நாயின் வாயில் தோல் வார் கட்டியிருந்தது.

"அம்மா, அதுக்கு ஏன் வாயக் கட்டியிருக்கு?" என்றாள் பட்டாசு. நெடுநாளைக்கு அப்புறம் வாய்விட்டுக் கேட்ட கேள்வி. அம்மாக்காரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பெரியவர் சட்டென்று நின்றார். உதட்டில் விரலை வைத்தார். கடலைக் காட்டினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

பட்டாசு அவள் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அவ்வளவுதான், அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "பாத்தீங்களா? நம்ம பேச்சு இவங்க காதுக்கு ஆகலையாம்."

"இருடி, ஏதாவது காரணம் இருக்கும்."

"என்ன காரணம்? திமிருதான் காரணம். பச்சப்பிள்ளைய வாய மூடுங்கிறாரு." மகளை அப்படியே தூக்கிச் சுவர்மேல் நிற்கவைத்தாள். "கத்துடி. உனக்குத் தோணுறத கத்து. நம்ம பாஷையில கத்து. யாரு என்ன பண்ணுவாங்கன்னு பாப்போம்."

பட்டாசு முதலில் முனகினாள். பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு தொண்டை நரம்பு புடைக்க, "அம்மா! எனக்குப் பசிக்குது!"

கணவனே சிரித்துவிட்டான். "அடிப்பாவி, இப்பதானே மொக்கின?" மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அலைச்சத்தம் இல்லை. அத்தனை பெரிய தண்ணீர், கரைக்கு வந்து வந்து போகிறது, ஆனால் சத்தமில்லாமல். யாராவது பேசும்போது நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுப்போமே, அந்த மாதிரி.

மஞ்சள் கோட்டுப் பெரியவர் நாயை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். நடைபாதையில் ஆளே இல்லை. கடலைப் பார்த்த வீடுகளில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் பட்டாசைச் சுவருக்குக் கூட்டிப்போவது வழக்கமானது. வாய்ப்பாடு கத்தினார்கள். விடுகதை கத்தினார்கள். அப்பாவைத் திட்டிக் கத்தினார்கள். கிளம்பும்போதெல்லாம் செருப்பு மண்ணை உதறச் சொல்லி அவள் அதட்டுவாள். மகளின் குரல் நாளுக்கு நாள் தேறி வந்தது. வீட்டில் மறுபடியும் வாயாடினாள். தான் செய்தது சரிதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பனிமூட்டம். சாயங்காலம்தான், ஆனாலும் தெருவிளக்குகள் எரிந்தன. சுவர்வரைக்கும் வந்து பார்த்தால் கடலே இல்லை. வெள்ளையாக, ஈரமாக, மூக்கில் ஏறும் பாசி வாடையோடு ஒரு திரை தொங்கியது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தபோதுதான் கேட்டது.

"செருப்ப உதறிட்டு வா. வீடெல்லாம் மண்ணாகும்."

தமிழ். ஒரு பொம்பளைக் குரல். மணல் பக்கமிருந்து.

அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வந்ததிலிருந்து கணவன் வாயிலும் மகள் வாயிலும் தவிர வேறு எந்த வாயிலும் அவள் தமிழைக் கேட்கவில்லை. "ஏய், நம்ம ஆளுங்கடி! இங்க நம்ம ஆளுங்க இருக்காங்க!" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இரும்புப் படியில் இறங்கினாள். மணல் பதமாக, சில்லென்று, காலை உள்வாங்கியது.

"ஹலோ! நீங்க தமிழா?"

"நீங்க தமிழா?"

"ஆமாங்க!" அவள் சிரித்தாள். "இந்தத் தெருவுலதான் இருக்கோம்!"

"இந்தத் தெருவுலதான் இருக்கோம்." சிரிப்பு.

"அம்மா, அந்த ஆன்ட்டி உன்ன மாதிரியே பேசுறாங்க" என்று குதித்தாள் பட்டாசு. கையை உருவிக்கொண்டு பனிக்குள் ஓடினாள்.

"ஏய், நில்லுடி."

"கத்துடி," என்றது குரல். "உனக்குத் தோணுறத கத்து. நம்ம பாஷையில கத்து."

 அது அவள் மாதிரிக் குரல் இல்லை. அவள் குரல். வார்த்தைக்கு நடுவே லேசாகத் தொண்டையைச் செருமுவாளே, பல வருஷம் சாக்பீஸ் தூள் குடித்த செருமல், அதுவும் இருந்தது.

"பட்டாசு! திரும்பி வா! இங்க வா!"

"பட்டாசு! திரும்பி வா! இங்க வா!" இடது பக்கமிருந்து.

"அம்மா?" பனிக்குள்ளிருந்து மகள். "எங்கம்மா இருக்க?"

"இங்க இருக்கேன் கண்ணு! அது நான் இல்ல!"

"அது நான் இல்ல!" வலது பக்கமிருந்து. "இங்க இருக்கேன் கண்ணு!"

மகள் அழ ஆரம்பித்தாள். கிட்டேதான். ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெரியவர் எதற்காக விரலை வைத்தார் என்று அப்போது புரிந்தது. இனி ஒரு வார்த்தை கொடுக்கக் கூடாது. ஆனால் தான் பேசாவிட்டால் கூப்பிடுவது அது மட்டும்தான். பேசினால் இரண்டு அம்மா. பேசாவிட்டால் ஒரே அம்மா. அதுவும் தண்ணீருக்குள்.

கைகளை நீட்டிக்கொண்டு நடந்தாள். பேசவில்லை. வெள்ளை. ஈரம். காலடியில் தண்ணீர் தட்டியது. பின்வாங்கினாள். இன்னொரு பக்கம் நடந்தாள். அழுகை நின்றிருந்தது. எப்போது நின்றது?

சின்னக் கை ஒன்று அவள் கைக்குள் நுழைந்தது.

பனிக்குள் உச்சந்தலை தெரிந்தது. அவள் கட்டிவிட்ட இரட்டைச் சடை. அவள் போட்டுவிட்ட நீல ஸ்வெட்டர், தொப்பலாக. அவள் உயிர் திரும்ப வந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. இழுத்துக்கொண்டு ஓடினாள். படி. சுவர். தெரு. மகளும் பேசவில்லை. கெட்டிக்காரி, புரிந்துகொண்டுவிட்டாள்.

அவர்கள் வீடு சுவரிலிருந்து மூன்றாவது வீடுதான். முதல் வீட்டு ஜன்னலில் மஞ்சள் கோட்டுப் பெரியவர் நின்றிருந்தார். அவளைப் பார்த்தார். அவள் பிடித்திருந்த பிள்ளையைப் பார்த்தார். மெதுவாகத் திரையை இழுத்து மூடினார்.

கை சூடாகவே இல்லை. எவ்வளவு அழுத்திப் பிடித்தும்.

கணவன் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கே வந்துவிட்டான். கையில் துண்டு. "எங்க போனீங்க ரெண்டு பேரும்? ஐயையோ, நனஞ்சுட்டாளா? உள்ள வாங்க, உள்ள வாங்க."

"அம்மா," என்றது கடல் பக்கமிருந்து மகளின் குரல்.

அவள் திரும்பவில்லை. கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லும் பிசாசு. சொல்லிக்கொள்ளட்டும்.

"அம்மா, எனக்குப் பசிக்குது!"

ஆமாம், அதுவும் சொன்னதுதான். சொல்லிக்கொள்ளட்டும். அவள் வாசற்படியில் காலை வைத்தாள்.

"அம்மா, நான் இங்க இருக்கேன். நீ யாரக் கூட்டிட்டுப் போற?"

கால் நின்றது.

அந்த வாக்கியத்தை அந்தக் கரையில் யாரும் சொன்னதில்லை. மகள் சொன்னதில்லை. அவள் சொன்னதில்லை. எந்த நாளிலும் இல்லை.

"யாருடி அங்க? நம்ம பட்டாசு குரல் மாதிரியே இருக்கு" என்றான் கணவன். சிரித்துக்கொண்டே குனிந்து, அவள் பிடித்திருந்த பிள்ளையின் முகத்தைத் துண்டால் துடைத்தான். துடைத்த கை அப்படியே நின்றது.

அவள் குனிந்து பார்க்கவில்லை. கடல் பக்கம் திரும்பி, இருக்கிற தொண்டையையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"கண்ணு! அங்கயே நில்லு! அம்மா வரேன்!"

ஓடப் பார்த்தாள். கைக்குள் இருந்த சின்னக் கை விடவில்லை. இழுத்தாள். உதறினாள். கற்சுவரில் புதைத்த கம்பியை இழுப்பது போலிருந்தது.

"கண்ணு!" என்றது அவள் குரல், தூரத்தில், தண்ணீருக்குமேல், அவளைவிடப் பிரியமாக. "அம்மா வரேன்! இங்க வா! இங்க வா!"

ஒரு கணம் ஒன்றுமில்லை.

பிறகு மகள், நெடுநாளாக அவள் கேட்க ஏங்கிய அதே கணீர்க் குரலில், தெரு முழுக்க எதிரொலிக்க, அழுகையும் சிரிப்புமாக:

"தோ வந்துட்டேம்மா!"

மணலில் சின்னக் கால்கள் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீரில்.