பதிவுக்கை

செண்பகவடிவு மாவு அப்பிய கையைக் குதிரின் முகப்பிலிருந்த கைமானியில் வைத்தாள். அந்தத் தானிய எந்திரம் ஒருமுறை உறுமிவிட்டு அன்றைய அளவைக் கொட்டியது. மூன்று பேருக்கு ஒன்றரைத் தம்ளர் அரிசி, ஒரு பிடி உளுந்து, சின்னக் கட்டுக் கீரை. அணில்கூட இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கும். ஆனால் அந்த வீட்டுக்கு அது போதும். அதுதான் அவளைப் பிடித்த சனி.

"கையெண் தொண்ணூற்றாறு. வாழ்த்துகள்" என்றது கைமானி.

"உன் வாழ்த்தக் கொண்டுபோயி அடுப்புல போடு" என்றாள் வடிவு.

கைமணம் என்று காலங்காலமாகச் சொல்லிவந்தது வெறும் உபசாரப் பேச்சு இல்லை என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒவ்வோர் உள்ளங்கையிலும் ஒவ்வொரு விதமான நுண்ணுயிர்க் கூட்டம் குடியிருக்கிறது. நல்ல கை கரைத்த மாவு புளிக்கும்போது, தானியத்துக்குள் பூட்டிக் கிடக்கும் சத்தெல்லாம் அவிழ்ந்துவிடும். பாதிச் சாப்பாட்டில் முழு ஊட்டம். உடனே திட்டம் வந்தது: வீட்டுக்கொரு குதிர், வீட்டுக்கொரு பதிவுக்கை, சொற்பச் செலவில் சத்தான வீட்டுச் சமையல். கையெண் கூடக்கூடக் குதிர் தரும் அளவு குறையும். கோவில்பட்டியில் அவர்கள் தெருவே கொண்டாடியது. வடிவும்தான் கொண்டாடினாள். முதல் வருஷமே அவள் கணவன் நயினாருக்கு ரத்தசோகை போனது. மகள் யாழரசி மளமளவென்று வளர்ந்தாள். வடிவு தன் கையையே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

சங்கதி பிறகுதான் புரிந்தது. குதிர் பதிவுக்கைக்கு மட்டுமே திறக்கும். அந்தக் கை சேர்ந்தாற்போல் மூன்று நாளுக்கு மேல் வீட்டில் இல்லாவிட்டால் பதிவு ரத்து. மறுபடி கிடைக்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை வெளிக்கடைதான் கதி. அங்கே ஒரு படி அரிசிக்கு நயினார் மூன்று நாள் உழைக்க வேண்டும். சொந்தத் தம்பி கல்யாணத்தில்கூட வடிவு மறுவீட்டு விருந்துக்கு நிற்காமல் பேருந்தைப் பிடிக்க ஓடிவந்தாள். எல்லோரும் அவள் கையைப் புகழ்ந்தார்கள். கைக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பது யாருக்கும் நினைவில்லை.

இப்போது வடிவுக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் வேலை. ஆறு மாதம் மிதவையிலேயே தங்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டி வரும். மின்னியல் படித்துவிட்டுப் பதினாலு வருஷமாக மிக்சியைக்கூடத் திருகிப் பார்க்காதவள், அந்த உத்தரவை மனப்பாடம் ஆகும்வரை படித்தாள்.

"நா கரைக்கேன் வடிவு, நீ போயிட்டு வா" என்றான் நயினார். நல்ல மனுஷன். சட்டையைச் சுருட்டிக்கொண்டு நாலு நாள் மாவு கரைத்தான். மூக்கில்கூட மாவு. வியாழக்கிழமை மாலை பதிவைத் தன் பேருக்கு மாற்றக் கைமானியில் உள்ளங்கையைப் பதித்தான்.

"இது செண்பகவடிவு கையின் நகல். ஏற்க இயலாது."

"என்னளா சொல்லுது?"

"இத்தன வருஷமா என் கையால தின்னீங்கள்லா, உங்க கையிலயும் என்னோடதே ஏறிட்டு. கள்ளக்கையாம்."

நயினார் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. வடிவு கட்டி வைத்திருந்த பையை அவிழ்க்கவும் மனமில்லாமல், எடுத்துக் கதவோரம் வைத்தாள். பொறாமையாக இருந்தது அவளுக்கு. எதிர்வீட்டுக்காரிக்குக் கையெண் வெறும் பதினேழு. பதிவே கிடைக்கவில்லை. ரெண்டு வேளைதான் சாப்பாடு என்றாலும் நினைத்தபடி ஊர் சுற்றுகிறாள்.

வெள்ளிக்கிழமை காலை சமையலறையில் குதிர் உறுமும் சத்தம் கேட்டது. வடிவு குளியலறையில் இருந்தாள். ஈரத் தலையோடு ஓடினாள்.

முக்காலி மேல் பதினோரு வயது யாழரசி நின்றிருந்தாள். முழங்கைவரை மாவு. கைமானியில் பச்சை விளக்கு எரிந்தது.

"தாய்வழி வாரிசுக் கை. தொண்ணூற்றேழு. பதிவு மாற்றப்பட்டது. செண்பகவடிவு விடுவிக்கப்படுகிறார்."

"எம்மா! ஒன்னவிட ஒண்ணு கூட!" யாழரசி முக்காலியிலேயே குதித்தாள். "நீ கடலுக்குப் போம்மா. நா கரைச்சுக்கிடுதேன்."

நயினார் ஓடிவந்து மகளைத் தூக்கிச் சுற்றினான். "பெத்த பிள்ளைன்னா இதுல்லா பிள்ள! வடிவு, இனி நீ எங்க வேணும்னாலும் போலாம்ளா."

வடிவு பாத்திரத்தில் மிச்சமிருந்த மாவில் கையை முக்கி, கைமானியில் ஓங்கி வைத்தாள்.

"தொண்ணூற்றாறு. ஒரு வீட்டுக்கு ஒரு கை. பதிவிலுள்ள கையைவிடக் குறைந்த கையை ஏற்க இயலாது."

மறுபடி வைத்தாள். அழுத்தித் தேய்த்தாள். "அவ சின்னப்பிள்ளடா!" என்று கத்தினாள். எந்திரத்துக்கு வயது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்தான். எத்தனை நாள் இந்தச் சிறையை வெறுத்தாள். இப்போது அதற்குள்ளேயே திரும்பிப் போக அவள் கெஞ்சினாள்.

நயினாருக்கு இன்னும் புரியவில்லை. "இப்ப எதுக்கு அழுத? நல்லதுதான நடந்திருக்கு?"

கீழே தெருவில் வண்டி ஒலியெழுப்பியது. குதிர் அன்றைய அளவைக் கொட்டி முடித்திருந்தது. ஓர் எண் கூடியிருக்கிறது அல்லவா, அரிசி நேற்றைவிட ஒரு சிட்டிகை குறைவு. யாழரசி கையைக் கழுவிக்கொண்டே அப்பாவிடம் திரும்பினாள்.

"எப்பா, அடுத்த புதன்கிழமை ஸ்கூல்ல கொடைக்கானல் டூர் போறோம்லா, அஞ்சு நாளு. அப்ப யாருப்பா மாவு கரைப்பா?"

நயினார் மகளை மெதுவாகக் குனிந்து பார்த்தான். பிறகு வடிவைப் பார்த்தான். வண்டி இரண்டாவது முறை ஒலியெழுப்பியது.