திறக்க மறுத்த பூட்டுக்கட்டை

“என் வீட்டுக்குள்ள யாரோ வந்து போயிருக்காக. எதையும் எடுக்கலை. இதை மட்டும் தொட்டிருக்காக” என்று சொல்லி, பொன்னுச்சாமி மஞ்சள் பையிலிருந்து ஒரு மரப்பொருளை எடுத்து மேசையில் வைத்தார்.

எடை அளவை ஆய்வாளராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஊரார் கொண்டுவரும் புதிர்களைத் துப்புத் துலக்கித் தரும் வெள்ளத்துரை அதைக் கையில் எடுத்தார். குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்த ஆறு தேக்குக் கட்டைகள். ஆணி இல்லை, பசை இல்லை. இதிலெல்லாம் அவருக்குத் துணையாகப் போகும் பக்கத்துக் கடை டெய்லர் தவசிக்கோ, வழக்கு தானாக வந்தது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. ஊசியைக் காலரில் குத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அது 1993 ஐப்பசி. மூன்று வருஷமாக அருப்புக்கோட்டையை ஏய்த்த மழை, பன்னிரண்டு நாளாக விடாமல் பெய்து அன்றுதான் சற்று வெறித்திருந்தது.

“இதுக்குப் பூட்டுக்கட்டைன்னு பேரு வச்சிருக்கேன். நானே வரைஞ்சு, நானே அறுத்துச் செய்யிறது. இந்த ஒரு கட்டைதான் சாவி. இதை உருவினாத்தான் மத்த அஞ்சும் கழலும். சித்திரையில சுண்டு விரலால தள்ளினாலே வந்துச்சு. அஞ்சு நாளா அசைய மாட்டேங்குது. யாரோ கழட்டி, வேற விதமாக் கோத்து வச்சிருக்காக.”

“அப்படிக் கோக்க யாரால முடியும்?”

“என் தம்பி தங்கபாண்டியால மட்டும்தான். ரெண்டு பேரும் சேந்துதான் இதையெல்லாம் கண்டுபிடிச்சோம். ஒன்பது வருஷத்துக்கு முந்தி மதுரையில ஒரு பொருட்காட்சியில வச்சாக. அட்டையில என் பேரை மட்டும் எழுதிக் குடுத்துட்டேன். அன்னிக்குப் போனவன்தான். இந்தா இருக்கிற மல்லாங்கிணத்துலதான் இருக்கான்.” பொன்னுச்சாமி கையை நீட்டிச் சாவிக்கட்டையை மறுபடி தள்ளிப் பார்த்தார். “கதவும் முன்ன மாதிரி சாத்த மாட்டேங்குது. நெம்பித் திறந்திருப்பான். அவன் வந்தானா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“பழி தீக்க வந்திருக்காகண்ணே, சந்தேகமே இல்லை” என்றார் தவசி.

வெள்ளத்துரை தன் சிறிய தராசைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பாளையம்பட்டியில் பொன்னுச்சாமியின் வீடு தெருவின் கடைசி. அதற்கப்பால் வெறும் கரிசல் காடு. வாசலுக்கு வருவதற்குள் மூவர் செருப்பிலும் ஆளுக்கு அரைப்படி சேறு அப்பிக்கொண்டது. கழற்றிவிட்டு நடந்தும் தவசியின் பாதம் உள்ளே சிமெண்டுத் தரையில் கறுப்பாகப் பதிந்தது. மற்றபடி தரை சுத்தமாகவே கிடந்தது.

“தரையைக் கழுவினீகளா?”

“அஞ்சு நாளா விளக்குமாறே தொடலைங்க, இன்னிக்குத்தான் வெளியவே வந்தேன். தடயம் அழிஞ்சிருமே.”

வெள்ளத்துரை குனிந்து கதவைப் பார்த்தார். சட்டத்தில் கடப்பாரை பட்ட வடு எதுவும் இல்லை. கதவின் அடிப்பக்கம் மட்டும் தரையில் உரசிப் புதிதாக வெளுத்திருந்தது.

அலமாரியில் நாற்பது பூட்டுக்கட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நூலில் ஒரு காகிதச் சீட்டு. செய்து முடித்த தேதி, எடை. மஞ்சள் பையில் வந்ததன் சீட்டில் ‘சித்திரை 20, 412 கிராம்’ என்றிருந்தது.

“எடை எதுக்கு எழுதுறீக?”

“தபால்ல அனுப்புனா ஸ்டாம்பு ஒட்டணுமே.”

“யாருக்கு அனுப்பியிருக்கீக?”

“இது வரைக்கும் யாரும் கேக்கலைங்க.”

தவசி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெள்ளத்துரை தராசைத் தூக்கிப் பிடித்து நிறுத்தார். 430 கிராம். பிறகு அலமாரியிலிருந்து வேறொரு பூட்டுக்கட்டையை எடுத்துச் சாவியைத் தள்ளினார். அசையவில்லை. மூன்றாவதும், அடுத்தடுத்து எடுத்தவையும் அப்படியே.

“உக்காருங்க” என்றார். “இந்தச் சேத்துல யாரு வந்தாலும் தரை காட்டிக் குடுத்துரும். கதவை யாரும் நெம்பலை, அதுவாத்தான் தரையில உரசுது. ஒங்க தம்பி வந்து ஒண்ணை மாத்திக் கோத்தாருன்னே வைங்க, நாற்பதையுமா மாத்துவாரு? அப்படியே மாத்தினாலும் அதே ஆறு கட்டைதானே, எடை எப்படிக் கூடும்? பதினெட்டு கிராம் கூடியிருக்கு. அது அம்புட்டும் தண்ணி. மரம் மழையைக் குடிச்சு ஊதிருச்சு. நீங்க கோடையில தாள் நுழையாத அளவுக்கு இறுக்கமா அறுத்திருக்கீக. மழைக்குன்னு இடமே விடலை.”

“இந்தப் பூமியில மழைக்கு யாருங்க இடம் விடுவா?” என்றார் பொன்னுச்சாமி மெதுவாக.

“மரத்தோடயே பொழங்குற ஒங்களுக்கு இது தெரியாதா?”

பொன்னுச்சாமி குனிந்து, பூட்டுக்கட்டையின் சீட்டை நூலோடு சேர்த்துச் சுற்றிவிட்டார்.

“தெரியும். அதான் மத்ததைத் தொட்டே பாக்கலை. பாத்தா முடிஞ்சு போயிருமேன்னு இருந்துச்சு. அவன் வந்து, என்னையப் பாக்காம, இதை மட்டும் கோத்து வச்சிட்டுப் போனான்னு நெனச்சுக்கிட்டு அஞ்சு நாளா நல்லாத் தூங்குனேன்.” நிமிர்ந்து பார்த்தார். “அப்ப யாருமே வரலை?”

“யாரும் வரலை.”

எத்தனையோ கடைக்காரர்களிடம் அவர்கள் படிக்கல் குறைகிறது என்று முகத்துக்கு நேரே சொன்னவர்தான் வெள்ளத்துரை. இந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்ல அவருக்கு வாய் கூசியது.

“அவுக வரலை, சரி” என்றார். “ஒன்பது வருஷத்துல நீங்க ஒரு தடவை போனீகளா?”

மற்ற இருவரும் எழுந்தபோது அந்தப் பூட்டுக்கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு பொன்னுச்சாமியும் கூடவே வந்தார்.

“அவன்கிட்டப் போயி, இது திறக்க மாட்டேங்குதுடா, என்னன்னு பாருன்னு கேக்கட்டுமா?”

“மழையாலதான்னு தம்பிக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சிருமே” என்றார் தவசி.

“தெரிஞ்சா தெரியட்டும்.”

பஸ் ஸ்டாண்டில் மல்லாங்கிணறு வழியாகப் போகும் பஸ் வந்தது. பொன்னுச்சாமி இரண்டு எட்டு வைத்து நின்றுவிட்டார். பஸ் போயிற்று. அடுத்ததும் வந்து போயிற்று. கையைப் பிடித்து ஏற்றிவிடப் புறப்பட்ட தவசியை வெள்ளத்துரை தடுத்தார். மூன்றாவது பஸ் நகர்ந்த பிறகுதான் பொன்னுச்சாமி பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினார்.

“அண்ணே, உள்ள விடுவாகளா?” என்று கேட்டார் தவசி.

“தெரியலை தவசி” என்றார் வெள்ளத்துரை.